போர்டில் ஒட்டியிருந்த எலுமிச்சை விதை

வண்டி நின்ன எடம் ஓடைப் பாலத்து ஏத்தம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல வேலை முடிஞ்சு ராஜபாளையத்துக்கு, வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தேன். மீட்டர்ல சார்ஜ் நாலு கோட்டுல மூணு கோடு நல்லாவே காட்டுச்சு. பாலம் ஏறணுமேன்னு கைப்பிடியைக் கொஞ்சம் கூட முறுக்கினேன். பொசுக்குன்னு மீட்டர் அணைஞ்சு வண்டி நின்னுபோச்சு. சாவியை அணைச்சுட்டு மறுபடி போட்டேன், உசுரு வந்துச்சு. பத்தடி போனதும் மறுபடி பொசுக். அஞ்சாறு தடவை இப்படியே கண்ணாமூச்சி காட்டிட்டு, கடைசியில சாவி போட்டாலும் அசைய மாட்டேன்னுருச்சு.

மத்தவுகளுக்கு வண்டி நின்னா எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகலாம். எனக்கு மூணு வயசுல போலியோ வந்து எடது கால் சூம்பிப்போச்சு. கக்கத்துல கட்டை வச்சு ஊனித்தான் நடப்பேன். பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டுன கரண்டு வண்டி அது. கட்டையை ஊனவா, வண்டியைத் தள்ளவா? அப்படியே சீட்டுல உக்காந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

அவிய ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். ஷிஃப்ட் முடிஞ்சு அப்பத்தான் வெளிய வந்திருக்காக. அரை மணி நேரத்துல கயித்தோட வந்து நின்னாக. என் வண்டியை அவிய பைக்குல கட்டி மெதுவா இழுத்துக்கிட்டுப் போனாக. ராஜபாளையம் வர்ற வரைக்கும் நான் பின்னால உக்காந்து ஏசிக்கிட்டே வந்தேன்.

"தண்ணி அடிச்சீகள்ல, பைப்பைப் போட்டு? எஞ்சினு கெடையாது, உள்ள பூராவும் கரண்டு, துணியை நனைச்சுத் தொடச்சாப் போதும்னு சொன்னேனா இல்லையா? கேட்டீகளா?"

அவிய திரும்பிப் பார்க்கல. ஹெல்மெட் மட்டும் ஆமா ஆமான்னு ஆடுச்சு.

விசயம் இதுதான். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஆயுத பூஜை. எங்க தெருவுல அன்னைக்கு அம்புட்டு வண்டியும் வாசல்ல நிக்கும், ஆளாளுக்குக் கழுவுவாக. அவியளும் மொத நாள் சாயங்காலம் தன் பைக்கைக் கழுவி முடிச்சுட்டு, அதே பைப்பை என் வண்டிப் பக்கம் திருப்பிட்டாக. சக்கரம், அடிப்பக்கம், சீட்டுக்குக் கீழன்னு ஒண்ணு விடல. நான் உள்ள இருந்து பார்த்துட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டம்மா சிரிச்சுக்கிட்டே தெலுங்குல என்னமோ சொல்லிட்டுப் போனா. நான் புருசனைக் கத்துறது அந்தத் தெருவுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எனக்கு வாய் ஜாஸ்தி. கால்ல இல்லாததை ஆண்டவன் வாயில வச்சுட்டான்னு எங்கம்மாவே சொல்லும்.

இந்த வண்டி எனக்கு என்னன்னு சொல்லிடுறேன், இல்லேன்னா நான் ஏசுனது அநியாயமாத் தெரியும். நான் தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப் அடிப்பேன், வேகமாவே அடிப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல தொழில் பண்ற ஒரு வக்கீல் ஆபீஸ்ல வேலை கெடைச்சு, போக வர வழியில்லாம ஒருதரம் விட்டுட்டேன். பஸ் படி எனக்கு இடுப்பு உயரம். ஏறணும்னா யாராவது தூக்கி விடணும். கண்டக்டர் ஒருத்தரு "பாவம்மா, தூக்கி விடுங்கப்பா"ன்னு சத்தம் போட்டு, நாலு ஆம்பளைக என் கையையும் முதுகையும் புடிச்சாக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதவ, அதுக்கப்புறம் பஸ் பக்கமே போகல. மூணு வருசம் சும்மா வீட்டுல இருந்தேன். இந்த வண்டி வந்த பொறவு, அதே வக்கீல் ஆபீஸ்ல மறுபடி எடம் கெடைச்சுச்சு. காலையில சாவியைப் போட்டா பன்னெண்டு கிலோமீட்டர், யாரையும் கூப்பிட வேண்டியதில்ல, யாருக்காகவும் காத்துக் கெடக்க வேண்டியதில்ல. ஆபீஸ்ல சார்ஜ் போட்டுட்டுச் சாயங்காலம் திரும்பி வந்துருவேன். தேவதானத்துல இருந்து வரப்புத் தகராறுக்கு வர்ற ஆளுக கூட, "டைப்படிக்கிற அம்மா வந்தாச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவாக.

வண்டி நின்ன மறுநாள் போன்ல சொன்னப்ப, வக்கீல் நல்ல மாதிரியாத்தான் பேசினாரு. "இந்த மாசக் கடைசி வரைக்கும் எப்படியாவது சமாளிங்கம்மா. அதுக்கு மேலன்னா எனக்கு வேற ஆள் பார்க்கணும். கோர்ட்டு எனக்காக நிக்காது"ன்னாரு. வேற ஆள் ஏற்கனவே ஒரு பொண்ணு வந்து கேட்டுட்டுப் போயிருந்தா, அதுவும் எனக்குத் தெரியும்.

மாசக் கடைசிக்கு அன்னைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்துச்சு.

வண்டி வாங்குன கடையை எப்பவோ பூட்டிட்டாக. போர்டு கூடக் கழட்டியாச்சு, இப்ப அதுல பிரியாணிக் கடை ஓடுது. கம்பெனி போன் நம்பர்ல ஒரு பொம்பளைக் குரல் ஒண்ணை அழுத்துங்க, ரெண்டை அழுத்துங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் எல்லாத்தையும் அழுத்திப் பார்த்துட்டு, கடைசியில அந்தக் குரலையும் ஏசிட்டு வச்சேன். ராஜபாளையத்துலயே இன்வெர்ட்டர் பேட்டரி வேலை பார்க்கிறவரு ஒருத்தரு வந்து பார்த்தாரு. வோல்ட்டு பார்க்கிற மீட்டரை வச்சாரு, எடுத்தாரு, "மொத்தமாப் போச்சு, புதுப் பேட்டரிதான்"னுட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. பேட்டரியைத் தொறந்து கூடப் பார்க்கல. புதுசுன்னா வண்டியில பாதி விலை, அதுவும் வெளியூர்ல இருந்து வரணும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது.

இப்படி ஊரெல்லாம் அலைஞ்சதுலயே நாள் ஓடிருச்சு. அந்த நாளெல்லாம் அவிய மில்லுல கெஞ்சி, கொஞ்ச நாளைக்கு மட்டும்னு ரெண்டாம் ஷிஃப்டுக்கு மாத்திக்கிட்டாக. காலையில என்னைப் பைக்குல ஏத்தி, கட்டையைச் சைடுல கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டு போய் ஆபீஸ் வாசல்ல விட்டுட்டு, திரும்பி வந்து சாப்பிட்டுட்டு வேலைக்குப் போவாக. சாயங்காலம் நான் ஆட்டோவுக்குக் காத்துக் கெடந்து ஏழு மணிக்கு வீடு வந்து சேருவேன். பைக்குல ஒரு பக்கமா உக்காந்து போறது எனக்கு இடுப்பு விட்டுப்போற வேலை. ஒரு வார்த்தை பேசமாட்டேன் அவியளோட. பேசினா, "அன்னைக்குத் தண்ணி அடிக்காம இருந்திருந்தா"ன்னுதான் ஆரம்பிக்கும். நாத்தனார் வீட்டுக்கு வந்தப்ப அவ முன்னாலயும் சொன்னேன். "உங்க அண்ணன் கழுவுன கழுவுல என் பொழப்பே போகப்போகுது"ன்னேன். அவிய தட்டுல இருந்த சோத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தாக. பாதியில எந்திரிச்சுட்டாக.

கோர்ட்டு வாசல்ல டீக்கடையில யாரோ சொல்லித்தான் அதே ஊர்ல மடவார் வளாகத்துல ஒருத்தரு இருக்காருன்னு தெரிஞ்சுச்சு. கோயிலுக்குப் போற தெருவுல ஒரு சின்னக் கடை. முன்னாடி செல்போன் ரிப்பேர் பார்த்தவரு, இப்ப லித்தியம் பேட்டரி மட்டும் பார்க்காரு. நாப்பது வயசு இருக்கும். சுவத்துல மாதா படம் போட்ட காலண்டர், மேசையில சால்டரிங் அயர்ன், டூத் பிரஷ், மீட்டர். அவிய பேட்டரியைத் தூக்கிக் கொண்டுவந்து வச்சுட்டு, ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாக. நான் மட்டும் உக்காந்துருந்தேன். வக்கீல்கிட்ட அரை நாள் கேட்டிருந்தேன்.

அந்த மனுசன் மாதிரி நிதானத்தை நான் பார்த்ததில்ல. பெட்டியோட ஒவ்வொரு திருகாணியையும் கழட்டி ஒரு சோடா மூடியில போட்டாரு. எனக்குக் கை துறுதுறுன்னு வந்துச்சு.

"இன்னும் செத்த நேரத்துல மூடிருவீகளா, இல்ல நான் வீட்டுக்குப் போய் சமைச்சுட்டு வரவா?"ன்னேன்.

"வெந்நி குடிக்கிறீகளா அக்கா?"ன்னாரு. அவ்வளவுதான் பதிலு.

உள்ள நீலக் காகிதம் சுத்துன செல்லுக, பதினாறு வரிசை. ஒவ்வொரு வரிசையில இருந்தும் மெல்லிசா ஒரு வயரு கெளம்பி, மேல இருக்கிற ஒரு பச்சைப் போர்டுக்குப் போகுது. மீட்டரை வச்சு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வந்தாரு. "மூணு புள்ளி மூணு. மூணு புள்ளி மூணு. இதுவும் மூணு புள்ளி மூணு. அக்கா, உங்க பேட்டரிக்கு ஒண்ணுமே இல்ல. போர்டுதான் போச்சு."

"போர்டுன்னா?"

"பி.எம்.எஸ்.னு சொல்லுவாங்க. காவக்காரன்னு வச்சுக்கோங்க. பதினாறு வரிசையையும் இதுதான் பார்த்துக்கிட்டே இருக்கும். ஏதாவது ஒரு வரிசையில சார்ஜ் ரொம்ப எறங்கிட்டா, மொத்தத்தையும் நிப்பாட்டிரும். இப்ப வரிசை நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுக்குத் தப்பாத் தெரியுது. எறங்கிருச்சுன்னு நெனச்சு நிப்பாட்டுது."

எனக்கு உசுரு வந்துச்சு. புதுப் பேட்டரி வேண்டாம், போர்டு ஒண்ணு மாத்தினாப் போதும். அந்த டீ குடிச்சுட்டுப் போன மனுசனை மனசுக்குள்ள நாலு வார்த்தை ஏசினேன். பொறவு என் ஆளு ஞாபகம் வந்துச்சு.

"தண்ணி போயிருக்குல்ல உள்ள? பைப்பைப் போட்டு அடிச்சா எப்படிக் கெடாம இருக்கும்? நல்லாப் பாருங்க, பார்த்து அவியகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா அவியளுக்கு ஏறாது."

அவரு போர்டைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சாரு. "தண்ணி கீழ இருந்து வந்திருந்தா கீழ் செல்லுல துரு இருக்கும். அங்க சுத்தமா இருக்கு. இது மேல இருந்து எறங்கியிருக்கு அக்கா. மூடியில வயரு போற ஓட்டைக்கு ரப்பர் இல்ல பாருங்க, அது வழியா."

வயரெல்லாம் வந்து சேர்ற எடத்துல பச்சையாப் பூத்துப்போயி, சுத்தி மஞ்சளும் செவப்புமா என்னமோ காஞ்சு பத்திக் கெடந்துச்சு. அவரு டூத் பிரஷ்ஷை வச்சு மெதுவாச் சொரண்டினாரு. மோந்து பார்த்தாரு. அப்புறம் சாமணத்தை எடுத்து, போர்டு ஓரத்துல ஒட்டியிருந்த ஒண்ணைப் பிடுங்கி என் முன்னால ஒரு காகிதத்துல வச்சாரு.

"இது என்னக்கா? வெத மாதிரி இருக்கு?"

எலுமிச்சை விதை.



ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில நடந்தது அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. அவிய தன் பைக்கு எஞ்சின்ல சந்தனம் வச்சு, குங்குமம் வச்சாக. என் வண்டிக்கு ஹேண்டில்ல மட்டும் வச்சுட்டு நகந்தாக. எனக்குப் பொறுக்கல. உங்க வண்டிக்கு எஞ்சின்ல பொட்டு, என் வண்டி மட்டும் எளப்பமா? சீட்டைத் தொறந்தேன். இந்த வண்டிக்கு எஞ்சின்னா பேட்டரிதான? கரைச்ச சந்தனத்தை ரோஸ் பன்னீரோட மூடி மேல பூரா அப்பினேன். எலுமிச்சம்பழத்தை ரெண்டா வெட்டி, குங்குமம் தடவி, மூடியில குழி மாதிரி இருந்த எடத்துல வச்சேன். அவிய பின்னால இருந்து, "உள்ள வேண்டாம் ஏட்டி, மேலாக்க வையி"ன்னாக. "சாமி காரியத்துல குறுக்க பேசாதீக"ன்னேன். சீட்டு மூடல, பழம் இடிச்சுச்சு. நான் ஏறி உக்காந்து ஒரு அமுக்கு அமுக்கினேன், மூடிக்கிச்சு. அம்புட்டு சாறும் எங்க போச்சுன்னு அன்னைக்கு யோசிக்கல. மூணு நாள் கழிச்சுச் சப்பிப்போன தோலை எடுத்துத் தூரப் போட்டேன், அதோட மறந்துட்டேன்.

பூசையில பழம் வச்சதை மெக்கானிக்கிட்டச் சொன்னேன். அவரு பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டு, "எனக்குப் பூசை வழக்கமெல்லாம் அம்புட்டாத் தெரியாது. சந்தனத்துல ஒண்ணும் பெருசா ஆகியிருக்காது. புளிப்புதான் செம்பைத் தின்னுருக்கு"ன்னாரு.

நான் அந்த விதையைக் காகிதத்தோட மடிச்சு ஹேண்ட்பேக்குல போட்டேன். "அவியகிட்டச் சொல்லாதீக"ன்னேன்.

அவரு என்னை நிமிந்து பார்த்தாரு. "நானாச் சொல்லமாட்டேன் அக்கா. ஆனா கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

புது போர்டு கோயம்புத்தூர்ல இருந்து கூரியர்ல வரணும், ஆறு நாளாகும்னாரு. அந்த ஆறு நாளைப் பத்தித்தான் எனக்கு இன்னைக்கும் வெக்கம்.

சாயங்காலம் அவிய போன் போட்டு, "என்ன சொன்னாரு?"ன்னு கேட்டாக. "பேட்டரி நல்லாருக்காம். போர்டு மட்டும் மாத்தணுமாம்"ன்னேன். "தண்ணியாலதானாமா?"ன்னு கேட்டாக. நான், "சத்தமா இருக்கு, ஒண்ணும் கேக்கல, வீட்டுல பேசலாம்"னு சொல்லி வச்சுட்டேன். வீட்டுல அவிய மறுபடி கேக்கல. என் பேச்சு எப்படி இருக்கும்னு பயந்து கேக்காம விட்டாக. நானும் சொல்லல. சொல்லியிருந்தா என்ன? நாலு நிமிச வேலை. ஆனா நாத்தனார் முன்னால ஏசியாச்சு, தெருவே கேக்கக் கத்தியாச்சு, பத்து நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சாச்சு. இப்பப் போய், "ஐயோ, அது நான்தாங்க"ன்னு எப்படிச் சொல்றது? போர்டு வந்து மாட்டி வண்டி ஓடட்டும், பொறவு எல்லாம் தன்னால மறந்துபோகும்னு நெனச்சேன். ஏசுறதை மட்டும் நிறுத்திட்டேன். அதையே பெரிய மனசுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அவியளோ நான் ஏசாததுக்கு வேற அர்த்தம் எடுத்துக்கிட்டாக. ரொம்ப வெறுத்துட்டேன்னு நெனச்சிருக்காக. காலையில நான் கேக்கிறதுக்கு முன்னாடியே கட்டையை எடுத்துத் தருவாக. வீட்டுக் கொல்லையில உக்காந்து ஏதோ தச்சுக்கிட்டு இருந்தாக. லாரித் தார்ப்பாயில மிச்சத் துண்டு, மில்லுல இருந்து ஊசியும் நைலான் நூலும். என்னன்னு கேக்க எனக்கு வாய் வரல. மூணாவது நாள் ஊசி குத்தி வெரல்ல ரத்தம் வந்துச்சு. துணியைச் சுத்திக்கிட்டு மறுபடி தச்சாக.

போர்டு வந்த அன்னைக்கு அவியளுக்கு வார லீவு. மாசக் கடைசிக்கு ரெண்டு நாள்தான் பாக்கி. குட்டியானை லோடு வண்டியில என் வண்டியை ஏத்திக்கிட்டு மடவார் வளாகத்துக்குப் போனோம். அவிய பைக்குல பின்னாலயே வந்தாக.

மெக்கானிக் பழைய வயரு வரிசையை வெள்ளைத்தாள்ல எழுதி வச்சிருந்தாரு. புது போர்டுல வரிசை தலைகீழா வருதாம், அப்படியே சொருகினா புகைஞ்சுருமாம். வரிசைக்கு ஒண்ணு, மைனஸுக்கு ஒண்ணுன்னு பதினேழு மெல்லிசு வயரையும் ஒவ்வொண்ணா மீட்டர் வச்சுப் பார்த்து, ஒவ்வொண்ணாப் பத்த வச்சாரு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. நான் வாயைத் தொறக்கல. எல்லாம் முடிச்சு, பேட்டரியை வண்டியில வச்சு, சாவியைப் போடச் சொன்னாரு. போட்டேன். மீட்டர் இருட்டு. மறுபடி போட்டேன். ஒண்ணுமில்ல.

எனக்கு வந்ததே பாருங்க. "ரெண்டு மணி நேரம்! ஆறு நாளு! நாளன்னைக்கு நான் அங்க போய் நிக்கலேன்னா என் நாற்காலியில வேறொருத்தி உக்காந்துருவா! என்னத்தைய்யா மாட்டுனீக?"ன்னு தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திட்டேன். அழுகையும் வந்துருச்சு.

"அக்கா, சார்ஜரைக் குடுங்க"ன்னாரு.

"சார்ஜ்தான் இருக்கே!"

"இருக்கு. புது போர்டு தூங்கிக்கிட்டு இருக்கும். சார்ஜரை ஒருதரம் சொருகினாத்தான் முழிக்கும்."

சொருகினாரு. டக்குன்னு ஒரு சத்தம். எடுத்துட்டு, "இப்பப் போடுங்க"ன்னாரு. மீட்டர் பளிச்சுன்னு எரிஞ்சுச்சு, அதே மூணு கோடு. நான் கண்ணைத் தொடச்சுக்கிட்டேன்.

அவிய அப்பத்தான் பைக்குப் பெட்டியில இருந்து அதை எடுத்தாக. தார்ப்பாயில தச்ச உறை. பேட்டரி அளவுக்குக் கணக்கா, நாலு மூலையும் ரெட்டைத் தையல், அடியில நாடா. மெக்கானிக்கிட்ட நீட்டி, "அண்ணாச்சி, இதைப் போட்டுட்டா இனிமே தண்ணி எறங்காதுல்ல? அன்னைக்கு நான் பைப்பு அடிச்சதுனாலதான இம்புட்டும்?"ன்னாக.

கேட்டுட்டாக. கேட்டா பொய் சொல்லமாட்டேன்னு சொன்னவரு, கையில சாமணத்தோட என்னைப் பார்த்தாரு. வாயைத் தொறந்தாரு.

நான் முந்திக்கிட்டேன். "தண்ணி இல்லங்க. நான் வச்ச எலுமிச்சம்பழம். சாறு எறங்கிப் போர்டைத் தின்னுருக்கு." ஹேண்ட்பேக்கைத் தொறந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரிச்சுக் காட்டினேன்.

அவிய அந்த விதையைப் பார்த்தாக. என்னைப் பார்த்தாக. "எப்பத் தெரியும்?"

"பெட்டியைத் தொறந்த அன்னைக்கே."

"ஆறு நாளாவா?"

நான் காகிதத்தை மறுபடி மடிச்சேன்.

"ஆறு நாளா நான் கொல்லையில உக்காந்து இதைத் தச்சேன். நீ பார்த்துக்கிட்டுத்தான இருந்த?" கல்யாணமாகி பதினாலு வருசத்துல அவிய குரல் ஒசந்து நான் கேட்டது அன்னைக்குத்தான். "உன் காலை நானே ஒடிச்சுட்டேன்னு நெனச்சு நெனச்சு மெஷின் முன்னாடி நின்னுருக்கேன் ஏட்டி. போன வாரம் கவனமில்லாம அதுக்குள்ள கையைக் குடுக்கப் பார்த்தேன், பக்கத்துல இருந்தவன் இழுத்துவிட்டான். நாலு வார்த்தை சொல்ல ஒனக்கு வாய் இல்லாமப் போச்சா? அம்புட்டு வாய் இருக்கே!"

உறையை மேசையில வச்சுட்டு, பைக்கை உதைச்சுக் கெளம்பிப் போயிட்டாக.

மெக்கானிக் அந்த உறையை எடுத்து, பேட்டரியில மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினாரு. அளவு துளி கூடப் பெசகல. "ஓட்டிப் பாருங்க அக்கா"ன்னாரு.

ஓட்டினேன். பதினாறு நாளா எதுக்காக எல்லார்கிட்டயும் கத்தினேனோ, அது கெடைச்சுருச்சு. யாரையும் எதிர்பார்க்காம, யாரும் தூக்கி விடாம, என் வண்டியில நான் மட்டும் போறேன். மலைப்பக்கம் மழை கட்டியிருந்துச்சு, காத்து நல்லாருந்துச்சு. எனக்கு ஒண்ணும் நல்லால்ல. மெஷின்ல கை போகப் பார்த்துச்சுன்னு சொன்னாகளே, அதேதான் காதுல ஓடுச்சு. எந்தக் கை, எத்தனை வெரலு, எந்த நாள்னு கூட நான் கேக்கல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் என்ன பண்ணியிருப்பேன்? சாப்பாடு போட்டுட்டு மூஞ்சியைத் திருப்பியிருப்பேன்.

ஓடைப் பாலம் வந்துச்சு. ஏத்தத்துக்கு இந்தப் பக்கம், வண்டி அன்னைக்கு நின்ன அதே எடத்துல, பைக்கை ஸ்டாண்டு போட்டு நின்னுக்கிட்டு இருந்தாக. கைப்பிடியில அந்தக் கயிறு தொங்குச்சு. என்னைப் பார்க்காத மாதிரி ஓடைப் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னாக.

நான் நிறுத்தல. நிறுத்தினா ஏத்தத்துல மறுபடி எடுக்குமோ எடுக்காதோன்னு பயம். கைப்பிடியை முறுக்கினேன். அணையல. வண்டி பாலத்துல ஏறுச்சு, அந்தப் பக்கம் எறங்குச்சு. கண்ணாடியில பார்த்தா, அவிய பைக்கை உதைச்சு என் பின்னால வாராக.

ஓரமா நிப்பாட்டினேன். அவியளும் பத்தடி தள்ளி நிப்பாட்டுனாக. கிட்ட வரல. நான் கட்டையை உருவி, ஊனி, எறங்கி, அந்தப் பத்தடியும் நடந்து போனேன். லாரி ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு.

"எந்தக் கைங்க?"ன்னேன்.

வலது கையைக் காட்டுனாக. மணிக்கட்டுக்கு மேல ஒரு நீளச் செராய்ப்பு, காஞ்சு போயிருந்துச்சு. தெனமும் அந்தக் கைதான் என் கட்டையை எடுத்துத் தந்துச்சு, நான் பார்க்கவே இல்ல.

"தப்பு பூராவும் எம்மேலங்க. வேணும்னே மறைச்சேன். வெக்கமாருந்துச்சு. உங்க தங்கச்சிக்கும் நானே போன் போட்டுச் சொல்லிடுறேன்."

"சொல்லு"ன்னாக.

"கோவமா இருக்கா?"

"ஆமா."

அவிய கயித்தைச் சுருட்டிப் பெட்டியில வச்சாக. "ரோட்டுல நிக்காத. வண்டியை எடு. நீ முன்னால போ, நின்னுச்சுன்னா எனக்குத் தெரியணும்ல"ன்னாக.

வீடு வர்ற வரைக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம பின்னாலயே வந்தாக. மறுநாள் நான் ஆபீஸுக்குப் போயிட்டேன், என் நாற்காலி எனக்கே இருந்துச்சு. ஆனா கோவம் தீர நாலு நாளாச்சு. அந்த நாலு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, காலையில நான் பாலம் ஏறி எறங்குற வரைக்கும் பின்னாலயே வந்துட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பிப் போனாக.